தருமபுரியில் சட்டம் படிப்பது பற்றித் தோழிக்கு எழுதியது

தருமபுரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. மகள் சட்டம்தான் படிப்பேன் என்று உறுதியாக இருப்பதாகவும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில் நல்ல இடம் அமையாவிட்டால் எங்கள் ஊரில் இருப்பதைப் போன்ற சிறிய கல்லூரியில் சேர்ப்பது அவள் எதிர்காலத்தைக் குறுக்கிவிடுமோ என்று கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்து, இப்போது இறுதியாண்டில் இருப்பவள் என்ற முறையில், நான் நேரில் கண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

2017இல் விழுப்புரத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் கிடைத்ததைப் போலத் தருமபுரிக்கும் அரசு சட்டக் கல்லூரி கிடைத்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க சேலத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பப் பல வீடுகளில் சம்மதிக்கவில்லை. இன்று அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று நாலா பக்கமிருந்தும் காலைப் பேருந்தில் வந்து படிக்கிறார்கள். என்னுடன் படிப்பவர்களில் பலருடைய வீட்டில் இதுவரை எவரும் வழக்கறிஞரைக் கட்சிக்காரராக அன்றி வேறு விதத்தில் சந்தித்ததில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சிலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள்.

இங்கே படிப்பதன் பெரும் பயன் என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன்: பாடத்தில் வரும் மனிதர்கள் எங்களுக்குத் தெரிந்த மனிதர்களாக இருக்கிறார்கள். வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் ஒரு உரிமையியல் வழக்கையும் ஒரு குற்றவியல் வழக்கையும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். அதற்காக நான் சென்று அமர்ந்தது ஒரு பாகப் பிரிவினை வழக்கு. பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டுத் தம்பி மீது வழக்குத் தொடுத்திருந்த வாதி, அறுபதைத் தொட்ட ஒரு அம்மா. பட்டா, சிட்டா நகல்களையும் கிஸ்து ரசீதுகளையும் மஞ்சள் பையில் சுருட்டி, மடியோடு அணைத்துப் பிடித்திருந்தார். கூண்டில் ஏறியதும், தம்பி தரப்பு வழக்கறிஞர், கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்று கேட்டார். "எம்.ஜி.ஆர். செத்தாரே, அந்த வருஷம் தை மாசம்" என்றார் அந்த அம்மா. நீதிபதி 1987 என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு சட்டம் இருந்தது என்பது வகுப்பில் படித்திருந்ததால் எங்களுக்குப் புரிந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போனவர்களை விலக்கி வைத்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ முடிந்துவிட்ட பாகத்தைத் திறக்க முடியாது. ஆகவே அடுத்த கேள்வி பாகப் பத்திரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன், அப்படியே வந்தது. பத்திரம் ஏதும் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்பதுதான் தம்பியின் வாதம். அத்தகைய வாதத்தை எளிதில் ஏற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

என் பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் தாயும் பங்கை விட்டுக்கொடுத்து மாமன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்தான் என்று மெல்லச் சொன்னாள். மாலையில் வீட்டுக்குப் போய் அந்தப் பத்திரத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். பெரிய நகரத்துக் கல்லூரியில் இதே தீர்ப்பை இதைவிட நன்றாக நடத்துவார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்த அன்றே தன் வீட்டுப் பெட்டியில் அதைத் தேடிப் பார்க்கும் மாணவர்கள் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். அரூருக்கு அருகில் உள்ள அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்காக 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, அவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று இதே தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதியே கிராமத்துக்கு நேரில் வந்து பார்த்தார். எழுத்தறியாத பழங்குடிப் பெண்களின் சாட்சியம் இத்தனை அதிகாரிகளின் மறுப்புக்கு முன் எப்படி நிலைத்தது என்பதைச் சாட்சியச் சட்ட வகுப்பில் படித்தபோது, அரூர்ப் பக்கத்து மாணவர்கள் எவரும் அதைப் பழைய வழக்காக எண்ணிப் படிக்கவில்லை.

இனி குறைகள். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். நாங்கள் மேற்கோள் காட்ட வேண்டிய தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளைத் தமிழில் வெளியிடத் தொடங்கியிருந்தாலும் அது போதாது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதலாண்டில் படும் பாடு கொஞ்சமல்ல. நாங்கள் ஐந்தாறு பேர் மாலையில் கூடி ஒரு தீர்ப்பைப் பத்தி பத்தியாகப் படித்துத்தான் பழகினோம். வெளியூர்களில் நடக்கும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிகளுக்குப் போக அவரவர் கைப்பணம்தான். பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்க இந்தப் பக்கம் வருவதில்லை. படிப்பு முடிந்து சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால், முதல் சில ஆண்டுகளில் கையில் வருவது பேருந்துச் செலவுக்குச் சரியாக இருக்கும். வீட்டில் தாங்கிக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தொழிலை விட்டுப் போகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு பெரிய ஆறுதல்.

உன் மகள் கம்பெனிச் சட்டத்தில் வேலை தேட விரும்பினால், ஓராண்டு காத்திருந்து மறுபடி கிளாட் எழுதட்டும்; அதற்கு இந்த ஊர் உதவாது. கோர்ட்டில் நின்று வாதாட விரும்பினால் தயங்காமல் அனுப்பு. முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் என்னுடன் வந்து தங்கட்டும். மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதால் ஜூன் இரண்டாம் வாரம் அழைத்து வா. அந்த அம்மாவின் வழக்கு அப்போது வாதத்துக்கு வந்திருக்கும். வாய்தா ஆகாமல் இருந்தால் அவளையும் உடன் அழைத்துப் போய் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி