ஒன்பது மணிக்கு மேல் தொரப்பள்ளியில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூடலூரிலிருந்து மைசூர் போகும் நெடுஞ்சாலையில் முதுமலைக் காட்டின் வாசலில் இருக்கிறது எங்கள் தொரப்பள்ளி. சோதனைச்சாவடி, சில கடைகள், பின்னால் வீடுகள், ஊர் அவ்வளவுதான். சாவடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன்.

இரவு 9 மணிக்குக் கேட்டை மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆம்புலன்சுக்கும் அனுமதி பெற்ற சில பஸ்களுக்கும் மட்டும் வழி உண்டு. முதுமலையை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கும் பந்திப்பூர்க் காட்டில் 2009-இல் வந்த இந்தத் தடையை நீக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதற்கு முன் லாரியில் அடிபட்டுக் கிடந்த மான்களைப் பார்த்தவள் நான். இராத்திரி நேரம் காடு விலங்குகளுக்கே இருக்கட்டும்.

ஆனால் 9.10-க்கு வந்து சேர்கிறவர்கள் என்ன செய்வார்கள்? செல்போனில் வழி பார்த்து வருகிற பலருக்கு, மூடிய கேட்டைக் கண்ட பிறகுதான் விஷயமே தெரிகிறது. கேரளாவின் சுல்தான் பத்தேரி வழியாகப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினால், அந்த வழியில் இருக்கும் முத்தங்கா காட்டுச் சாவடியிலும் அதே 9 மணிதான். மானந்தவாடி, குட்டா என்று சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் விடியும்வரை இங்கேயே கிடக்க வேண்டும்.

கைக்குழந்தையோடு இறங்கும் பெண்கள் முதலில் கேட்பது டீ அல்ல, பாத்ரூம். என் வீட்டுக்கு எத்தனை பேரை அனுப்புவேன்? ஆண்கள் விளக்கு வெளிச்சம் தாண்டிப் புதர்ப் பக்கம் போகிறார்கள். யானை வருவதும் அந்தப் பக்கம்தான். போன பலாப் பருவத்தில், கோஸ் ஏற்றி நின்ற லாரியின் தார்ப்பாயை ஒரு கொம்பன் தும்பிக்கையால் தூக்கியது. கிளீனர் பையன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்! இரண்டு மூன்று கோஸோடு அது திரும்பியது அவனுடைய நல்ல காலம்.

இன்னொன்று: எட்டரைக்கு மேல் வரும் வண்டிகள் கேட்டைப் பிடிக்கப் பறக்கின்றன. விலங்குகளுக்காகப் போட்ட தடைக்கு முந்தைய அரை மணி நேரம்தான் அவற்றுக்கு ஆபத்தான நேரம்.

கழிப்பறை யார் கட்டுவது என்று கேட்டால், சாலைக்கு ஓர் அலுவலகம், காட்டுக்கு ஓர் அலுவலகம், குடியிருப்புக்கு ஓர் அலுவலகம் என்று மாறி மாறிக் கைகாட்டுகிறார்கள். அது கட்டி முடிகிறபோது முடியட்டும். கூடலூர் பஸ் நிலையத்தருகே தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் நான்கிலும், ‘9 மணிக்கு மேல் வழியில்லை’ என்று பெரிய பலகை வைக்க என்ன தடை? ஏப்ரலில் ஊட்டி சீசன் வந்துவிடும். பலகையைப் பார்த்தால் பாதிப் பேராவது கூடலூரிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுவார்கள். எனக்கு இரவு வியாபாரம் குறையும்தான். குறையட்டும்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரப் பெண்மணி,
தொரப்பள்ளி, நீலகிரி மாவட்டம்.