ஏரிக்கரை முகாமும் கேரவனும்

ஆசிரியருக்கு,

கோடையில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் சென்னைப் பெற்றோர், கேரவன் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வண்டி) எடுத்து மிச்சிகன் போன்ற ஏரி மாநிலங்களைச் சுற்ற நினைத்தால், தண்ணீர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமைப் பதிவு செய்யக் கூடாது.

முதலில் மின் இணைப்பைக் கேளுங்கள். 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடும். இரண்டு ஏசி உள்ள வண்டிக்கு 50 ஆம்பியர் அவசியம்.

அரசுப் பூங்காக்களில் பல இடங்களுக்குக் கழிவுநீர் இணைப்பு கிடையாது. வண்டியின் தொட்டிகளில் சேர்ந்த கழிவுநீரைக் கிளம்பும்போது பொதுத் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். இணைப்பு இருந்தாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருக்காதீர்கள். நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் திறந்து காலி செய்யுங்கள். அடுத்துக் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

மிச்சிகன் மாநிலப் பூங்காக்களில் 6 மாதம் முன்பே பதிவு செய்யலாம். வண்டியின் முழு நீளத்தைச் சரியாகச் சொல்லுங்கள். முதியவர்கள் உடன் வந்தால், கொசு மொய்க்கும் தாழ்வான கரையைவிடக் கழிப்பறைக்கு அருகிலுள்ள, காற்று வரும் மேட்டு இடமே நல்லது.

வாசகர்,
மயிலாப்பூர், சென்னை