மாமாவுக்கு, கூரையை வெட்டினது நான்தான்

மாமா,

ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க, அம்மாகிட்ட மட்டும் "உன் பையன் வண்டிய அறுத்துப் போட்டுட்டானாமே"ன்னு கேட்டீங்களாம். ஆமா மாமா, அறுத்தேன். வெட்டறதுக்கு முன்னாடி காவேரிப்பட்டணத்துலருந்து பஸ் ஏறி தர்மபுரி வந்து உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்கணும், சொல்லல, பயந்துட்டேன். எவனோ எடுத்த போட்டோவைப் பார்த்து நீங்க தெரிஞ்சுக்கிற மாதிரி ஆயிடுச்சு. நேர்ல பேச முடியாததால இங்க எழுதறேன், உங்க பேரன் படிச்சுக் காட்டுவான்.

வண்டி எந்த கதியில இருந்துச்சுன்னு உங்களுக்கு முழுசா தெரியாது. 62 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், நீங்க குடுத்தப்போ கொட்டாய்ல நிழல்ல நின்ன வண்டி, சரிதான், ஆனா அப்புறம் அந்த புளியங்கிளை ஒடிஞ்சு விழுந்துச்சே, அதுல டிரைவர் பக்கம் கூரை உள்ள குழிஞ்சு முன் கண்ணாடியும் போயிடுச்சு, ரெண்டு மழைக்காலம் தண்ணி உள்ளயே நின்னுருக்கு. பின் சீட்டைத் தூக்கினா அடியில பேட்டரி உக்கார்ற தகடு இருக்கணும் இல்ல, அங்க எலிக்கூடு இருந்துச்சு, அதை எடுத்தா தகடே இல்ல, மண்ணு தெரியுது. கதவுக்குக் கீழ ஓடற அந்த பொட்டி மாதிரி சட்டம் விரல் வச்சு அழுத்தினா பப்படம் மாதிரி நொறுங்குச்சு.

இருந்தாலும் நேர் பண்ணியிருக்கலாம். நம்ம டிங்கர் அண்ணன் "அடியில டாலிக் கட்டை வச்சு குழியைத் தட்டி எடுத்துடலாம் தம்பி"ன்னுதான் சொன்னார். வெட்டச் சொன்னது என் ஆசை, அவர் மேல பழி போடாதீங்க.

என்ன ஆசைன்னா, ஹாட் ராட், அதான் பழைய காரை நம்ம இஷ்டத்துக்கு அறுத்து மாத்திக் கட்டறது. 1930கள்ல கலிஃபோர்னியா பக்கம் காஞ்சு போன ஏரித் தரையில பசங்க பழைய ஃபோர்டு வண்டிங்களை வேகமா ஓட்டிப் பார்ப்பாங்க, காத்து தடுக்குதுன்னு கூரையைக் கொஞ்சம் அறுத்துத் தாழ இறக்குவாங்க, அதுதான் சாப். அப்புறம் வேகம் போய் அழகுக்காகவே வெட்ட ஆரம்பிச்சாங்க, பீட்டிலையும் விடல. நம்ம வண்டி 34 ஹார்ஸ் பவர், தொப்பூர் கணவாய்ல லாரிக்காரன் பின்னாடி நின்னு ஹாரன் அடிப்பான்னு நீங்களே சொல்லி சிரிப்பீங்க, அதை வச்சு ரேஸ் ஓட்ட எனக்கென்ன பைத்தியமா. அந்த தாழ்ந்த கூரை, ஒடுங்கின கண்ணாடி, பார்த்தா கண்ணைச் சுருக்கி முறைக்கிற மாதிரி இருக்கும் மாமா, அவ்வளவுதான், வேற காரணம் இல்ல.

வெட்டினது எப்படின்னு கேளுங்க, கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல உள்ளுக்குள்ள ஸ்கொயர் பைப்பை குறுக்கும் நெடுக்குமா வெல்டு அடிச்சோம், இல்லைன்னா கூரையை எடுத்த உடனே பாடி விரிஞ்சு கதவு மூடாது. மாஸ்க்கிங் டேப் ஒட்டி கோடு போட்டு, கிரைண்டர்ல 1 எம்எம் வீல் மாட்டி ஒவ்வொரு தூணா அறுத்தோம். 3 இன்ச் பட்டையை எடுத்துட்டு கூரையை நாலு பேர் புடிச்சு அப்படியே கீழ இறக்கினா, முன்னாடியும் சேரல, பின்னாடியும் சேரல. நான் ஆடிப் போயிட்டேன். கோபுரத்துல நடு நிலை ஒண்ணை உருவிட்டு மேல் நிலையை இறக்கினா எப்படி இருக்கும், கீழ அகலம் மேல சின்னது, அதே கதைதான், முன் தூண் பின்னாடி சாயுது, பின்பக்கம் முன்னாடி சாயுது, தாழ இறக்க இறக்க கூரை நீளம் பத்தாது. கடைசில கூரையையே நடுவுல குறுக்க அறுத்து, ரெண்டு துண்டையும் முன்ன பின்ன தள்ளி, இடையில புதுத் தகடு வச்சோம். ஒரே மூச்சுல வெல்டு ஓட்டினா தகடு சூட்டுல அலை அலையா போயிடும்னு, இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு மிக் வெல்டிங்ல வச்சுக்கிட்டே ஈரத் துணியை ஒத்தி ஒத்தி, மூணு நாள். பின் கண்ணாடியை மட்டும் தொடல, சட்டத்தோட சுத்தி அறுத்து கொஞ்சம் சாய்ச்சு வச்சுட்டோம், அது சின்னதாயிட்டா பீட்டில் மூஞ்சியே போயிடும்.

கண்ணாடிக்கு கிருஷ்ணகிரில அலைஞ்சதைத் தனியா எழுதணும். கதவுக் கண்ணாடி டஃபன்டு, சூடு காட்டி இறுக்கினது, அதை வெட்டவே முடியாது, கட்டர் பட்டா பொரியா சிதறிடும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஒட்டின லேமினேட்டடு ஷீட்டுதான் வெட்டலாம். 65க்கு முந்தின மாடலுக்கு முன் கண்ணாடி தட்டையா இருக்கும், அது நம்ம அதிர்ஷ்டம், அட்டையில அளவு வெட்டிக் குடுத்தேன், கடைக்காரர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துட்டு "இது என்ன காருங்க, பீரோவா?"ன்னார்.

நீங்க கோவப்படறதுல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2021ல வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, மாத்தாம அப்படியே இருந்தா, வின்டேஜ்னு தனியா பதிவு பண்ணலாம், புதுசா பதியறதுக்கு 20,000 ரூபாய் கட்டினா நம்பர்ல "விஏ"ன்னு எழுத்து வரும், 10 வருஷம் செல்லும். பாடியையோ சேஸியையோ மாத்திட்டா அது கிடையாது. போதாக்குறைக்கு கம்பெனி குடுத்த வடிவத்தை மாத்தி ஓட்டக்கூடாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதனால இந்த வண்டி இனி ரோட்டுக்கு வராது, நம்ம மாந்தோப்புக்குள்ளதான். தெரிஞ்சேதான் வெட்டினேன். உங்க பேர்ல இருந்த வண்டி ஹைவேஸ்ல ஓடற வாய்ப்பை நான் எடுத்துட்டேன், அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல.

ஆனா மாமா, கூரையை விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன், அது உங்க காதுக்கு வந்திருக்காது. பீட்டிலுக்கு எஞ்சின் பின்னாடி, அதைக் குளிர வைக்கிறது தண்ணி இல்ல, ஃபேன் காத்துதான். "தண்ணி இல்லாத வண்டிக்கு தகரம்தான்டா ரேடியேட்டர், அதைத் தொடாத"ன்னு எனக்கு பத்து வயசுலருந்து சொல்லிட்டு இருக்கீங்க. தொட்டேன். எஞ்சின் பளிச்சுனு வெளிய தெரியணும்னு பின் மூடியோட சேர்த்து சுத்தி இருக்கிற தகரம், ரப்பர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். கத்திரி வெயில்ல தோப்பைச் சுத்தி நாலாவது ரவுண்டு வர்றப்போ கடாய்ல எண்ணெய் தீஞ்ச வாசனை. ஃபேன் நல்லாத்தான் சுத்துது, ஆனா அடியில போன சூட்டுக் காத்தையே திரும்ப மேல இழுத்துக்கிட்டு இருந்துருக்கு, ரெண்டையும் பிரிக்கிற சுவரைத்தான் நான் கழட்டி மூலையில போட்டுட்டேனே. பிரிச்சுப் பார்த்தா மூணாவது சிலிண்டர்ல கோடு விழுந்திருந்துச்சு. ஆயில் கூலர் மறைச்சுக்கிட்டு நிக்கறதால அதுக்குத்தான் எப்பவும் காத்து கம்மின்னு அதையும் நீங்க சொல்லியிருக்கீங்க. இப்ப தகரம் எல்லாம் பழைய இடத்துல இருக்கு, ரப்பர் புதுசு, இரண்டரை லிட்டர் ஆயில் மாத்தியாச்சு, சத்தம் உங்க காலத்து சத்தம்தான், தையல் மிஷின் மாதிரி.

இன்னொண்ணு. 5 இன்ச் வெட்டறதாத்தான் இருந்தேன், அப்பதான் பார்வைக்கு எடுப்பா இருக்கும். அம்மாகிட்ட உங்க உயரம் கேட்டு, சீட்டு மேல பலகையை நிறுத்தி, துண்டு கட்டின தலைக்கும் சேர்த்து அளந்து பார்த்துட்டு 3ல நிறுத்திட்டேன். டிங்கர் அண்ணனுக்கு இன்னும் அதுல வருத்தம்.

உங்க வீட்டு சாமி ரூம் பக்கத்துல ஆணியில ஸ்பேர் ஃபேன் பெல்ட்டு ஒண்ணு தொங்குமே, அது வேணும் மாமா. இப்ப போட்டிருக்கிற பெல்ட்டு கொஞ்சம் வழுக்குது. அது ரப்பர் வெடிச்சுப் போயிருக்கும்னு எனக்கும் தெரியும், பரவால்ல. கூரியர்ல வேணாம், வர்றப்போ கையில கொண்டாங்க.