ரிப்பன் மாளிகைக்குப் போகும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு அழைத்துப் போகிறோம். போன வாரம் ஒரு மாணவி, "சார், நம்மளது மட்டும் ஏன் கார்ப்பரேஷன் ஸ்கூல்?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பயணமே முடிவானது.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மென்கள், அதாவது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களோடு யூத வைர வியாபாரிகளும் நம்மூர் வணிகர்களும் அதில் இருந்தார்கள். ஏதோ பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், எல்லாம் வரி படுத்திய பாடு! அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் வீட்டு வரியை எதிர்த்து, கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தார் கடைகளை அடைத்திருந்தார்கள். தங்கள் ஆட்களே விதித்தால் ஐந்து ஷில்லிங்கும் தருவார்கள், கம்பெனி விதித்தால் ஆறு பென்ஸுக்கே முரண்டு பிடிப்பார்கள் என்பது லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு போட்ட கணக்கு. அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. யார் விதித்தாலும் வரி வரிதானே!

வரி கட்டியவர்களுக்கு ஓட்டு கிடைக்க 1878 வரை ஆனது. அப்போதும் 32 உறுப்பினர்களில் 16 பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்புறம்தான் பிட்டி தியாகராயர் காலம். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது என்று கணக்கு. அந்தப் பள்ளியும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தான். அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்தை எதிரே சென்ட்ரலிலிருந்து பார்க்காத பிள்ளை இருக்காது. உள்ளே போனவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர்.

வீட்டில் பழைய சொத்து வரி ரசீது இருந்தால் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள். வாடகை வீடானால் உங்கள் வார்டு எண்ணையும் கவுன்சிலர் பெயரையும் எழுதிக் கொடுத்தால் போதும். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். காலை 9 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்படுகிறோம், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்