சின்ன வீட்டுக்குப் பரணும் மாடமும் கட்டும்போதே வேண்டும்

செட்டிநாட்டில் சிறு வீடு கட்டித் தரும் பொறியாளர்கள், ஓவர்சியர்கள், மேஸ்திரிமார்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருந்த எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் தளம் போட்ட வீட்டுக்குக் குடிபோவதைக் கண்ணாரப் பார்க்கிறேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. ஐப்பசி அடைமழையில் ஒழுகாத வீடு எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன். பிளானில் ஆள் படுக்க இடம் போடுகிறீர்கள், அடுப்புக்கு இடம் போடுகிறீர்கள். சாமானுக்கும் இடம் போட்டுக் கொடுங்கள்.

பால் காய்ச்சிக் குடிபோய் இரண்டு மாதம் ஆன ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டை, அதன் பின்னால் கிரைண்டர் குழவி, கோணியில் கட்டிய பித்தளைப் பாத்திரம். கட்டிலின் மேல் மடித்த போர்வை, துவைத்த துணிக் குவியல், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை. கட்டில் முழுக்கச் சாமான் ஏறிவிட்டதால் வீட்டிலுள்ளவர்கள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஜன்னல் திட்டில் மருந்து பாட்டிலும் சீப்பும் கரண்டு பில்லும் அடுக்கியிருப்பதால் ஜன்னல் கதவைத் திறக்க முடிவதில்லை. காற்றுக்காக வைத்த ஜன்னல் அலமாரி ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே மூன்றடி உயரத்துக்கு வெறும் சுவர்.

வேண்டாததைத் தூக்கிப் போட்டால் வீடு விசாலமாகும் என்று சொல்வார்கள். பட்டணத்தில் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டுச் சாமானில் வேண்டாதது என்று அதிகம் கிடையாது. தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் தினம் புழங்காதவைதான். பிள்ளைக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய மாதத்திலோ, ஆஸ்பத்திரிச் செலவு வந்த நேரத்திலோ பணமாக மாறுவது அவைதான். மாசி, பங்குனி வெயிலில் போட்ட வடகமும் வத்தலும் மழைக்காலம் தாண்டும் வரை டப்பாவில் இருந்தாக வேண்டும். அறுப்புக்குப் போய் வாங்கி வந்த நெல் இருக்கும். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து இருக்கும். கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்குச் சேமிப்பு என்பதே பெரும்பாலும் பொருளாகத்தான் இருக்கிறது. அதை வைக்க இடம் கேட்பதை ஆடம்பரமாக நினைத்துவிடாதீர்கள்.

இந்த மண்ணில் வீடு கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு நகரத்தார் வீட்டுக்குள் போனால் எல்லோரும் பர்மா தேக்குத் தூணையும் பூக்கல் தரையையும்தான் பார்ப்பார்கள். நடு முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளைக் கொஞ்சம் பாருங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கில் மருமகளாக வந்த ஆச்சி கொண்டு வந்த சாமான் அத்தனையும் அறைக்குள் பூட்டி இருக்கும். மனிதர்கள் பெரும்பாலும் பட்டாலையிலும் வளவிலும் காற்றாடப் புழங்கினார்கள். ஒன்றரை, இரண்டடிக் கனச் சுவரில் விளக்குக்கு ஒரு மாடம், கணக்குப் புத்தகத்துக்குக் கதவு போட்ட சுவர் அலமாரி, மேலே பரண். பல கட்டு வீடு கட்ட வசதி இருந்தவர்களே சுவரையும் உயரத்தையும் வீணாக விடவில்லை. அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

முதலில் பரண். நம் பக்கம் தளத்தின் உயரம் பத்தடி, கதவு, ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் கட்டான லிண்டலின் மட்டம் ஏழடி. அந்த லிண்டலோடு சேர்த்தே இரண்டடி அகலத்துக்கு மூன்று அங்குலக் கனத்தில் பரண் நீட்டினால், மேலே இரண்டே முக்கால் அடி உயரம் மிஞ்சும். பத்தடிச் சுவர் முழுக்கப் போட்டால் ஐம்பது கன அடிக்கும் மேல் இடம். அண்டா, குடம், மெத்தை, திருவிழாப் பாத்திரம், பிளாஸ்டிக் டிரம் எல்லாம் ஏறிவிடும். அதற்கு ஆகும் கான்கிரீட் ஐந்து கன அடி. வீட்டுத் தளத்துக்குப் போகிற கான்கிரீட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கம்பியும் சென்ட்ரிங் முட்டுப் பலகையும் தனிச் செலவுதான், ஆனாலும் மரப் பரணோ இரும்பு ரேக்கோ பிறகு வாங்குகிற செலவை நினைத்தால் இது பெரிதில்லை.

தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அவசரத்தில் இது தவறிப்போவதைப் பார்த்ததால் சொல்கிறேன். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பரணுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். ஆள் மிதித்து அது கீழே அமுங்கிப் போனால் பரண் பாரம் தாங்காது. பரணுக்கு மேலே சுவர் எழும்பிப் பாரம் உட்காருவதற்கு முன்னால் முட்டுப் பலகையைப் பிரிக்கவும் கூடாது. பரணைத் தெற்கு, மேற்கு வெளிச்சுவரில் போடாமல் உள்சுவரில் போட்டால் நல்லது. தளத்தின் சூடு எப்படியும் இருக்கும், அதோடு மேற்கு வெயிலும் சேர்ந்தால் அங்கே ஒரு பொருளும் வைக்க முடியாது.

ஏழடி என்ற கணக்கு இன்னொன்றுக்கும் பொருந்தும். கடையில் விற்கும் இரும்பு பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். பரணுக்கு அடியில் அப்படியே நிற்கும். வீட்டுக்குள் முதலில் வருவது பீரோதான், மற்றதெல்லாம் அது நின்ற இடத்தை வைத்துத்தான் அமையும். அதனால் பிளான் போடும்போதே பீரோ எங்கே என்று முடிவு செய்யுங்கள். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் விரும்பும் வழக்கம். அந்த நேர்கோட்டை அறையின் நடுவே கொண்டு போனால் இரண்டு பக்கமும் சுவர் துண்டு துண்டாகிப் போகும். கொஞ்சம் ஓரமாகத் தள்ளிப் போட்டால் வழக்கமும் நிற்கும், ஒரு பக்கம் முழுச் சுவரும் சாமானுக்குக் கிடைக்கும். கதவு திறந்து சாயும் மூலையில் நாலங்குலம் விடுவதற்குப் பதிலாக ஓரடி விட்டால் கதவுக்குப் பின்னால் தரையிலிருந்து மேல் வரை தட்டு அடிக்கலாம். இதற்குச் செங்கல் ஒன்றும் கூடுதலாகாது.

அடுத்தது மாடம். இப்போதைய ஒன்பது அங்குலச் சுவரில் உள்பக்கம் நாலரை அங்குலம் விட்டுக் கட்டினால் அஞ்சறைப் பெட்டி, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, மருந்து, சாமி விளக்கு எல்லாம் அதில் அடங்கிவிடும். மூலையை ஒட்டியும் உத்திரத்துக்கு அடியிலும் வைக்காமல், மேலே ஒரு சின்ன கான்கிரீட் வில்லை கொடுத்தால் சுவருக்கும் ஆபத்தில்லை. தட்டுக்குக் கடப்பா கல் போதும். பிளைவுட்டு வேண்டவே வேண்டாம். நம் செம்மண்ணில் கரையான் விட்டுவைப்பதில்லை, மழைக்காலத்தில் பிளைவுட்டு ஊறி உப்பியும் விடும்.

அடுப்படி மேடையை அடியில் அடைத்துக் கட்டாமல் கல் தாங்கி கொடுத்துத் திறந்து விடுங்கள். சிலிண்டர், தண்ணீர்க் குடம், வெங்காயக் கூடை அங்கே நிற்கும். சிலிண்டர் இருக்கிற இடத்தில் காற்றோட்டமும் வேண்டும். தளம் போடும்போது ஃபேனுக்கு மட்டும் கொக்கி விடுகிறார்கள். சுவரோரமாக இன்னும் இரண்டு மூன்று கொக்கி விட்டால் பிள்ளைக்குத் தூளி கட்டலாம், உறி தொங்கவிடலாம், மூங்கில் கழி மாட்டி மழை நாளில் துணி உலர்த்தலாம், காலையில் பாயைச் சுருட்டிச் செருகலாம். தளம் இறுகிய பிறகு துளை போட்டால் ஒழுக்குக்கு வழி வைத்த மாதிரி ஆகும் என்று பயந்து யாரும் போடுவதில்லை.

கட்டி முடித்த வீட்டுக்காரர்களும் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் எல் ஆங்கிள் அடித்து மேலே கடப்பா கல் போடலாம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் பெரிய பாரம் ஏற்ற வேண்டாம்.

பிளானில் பரண் இல்லை, வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை என்று சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பயனாளி தானே முன்னின்று கட்டும் வீட்டில் மொத்தப் பரப்பு மாறாமல் உள்ளே ஒரு பரண் சேர்ப்பதற்கு உங்கள் ஒரு வார்த்தை போதும். மாதிரி வரைபடத்திலேயே அதைச் சேர்க்கும்படி மேலே எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கிராம சபையில் தீர்மானமாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

மனையில் கயிறு கட்டி அளவு போடும் அன்று வீட்டுக்கார அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள்: பீரோ எங்கே, அரிசி எங்கே, படுக்கை எங்கே? அந்த இடங்களில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள். இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளில் லிண்டல் மட்டம் தொடாதவை எத்தனை என்று இந்த வாரமே பாருங்கள். அவற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரக் குடும்பத் தலைவி