தானேல சாஞ்ச பலா இப்ப கிட்டாரு

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. 2011 டிசம்பர்ல தானே புயல்ல பண்ருட்டிகிட்ட எங்க மாமா தோப்புல சாஞ்ச பலாமரத்தோட பலகை ஒண்ணு பரண்லயே கெடந்துச்சு, அத எறக்கி வீட்டு மாடிலயே எலக்ட்ரிக் கிட்டார் செஞ்சிட்டேன். தஞ்சாவூர் வீணையே பலாவுலதான செய்றாங்க. உளி வச்சா மஞ்சளா சுருள் சுருளா வருது, அந்த வாசனை வேற! ஃப்ரெட், அதான் கிட்டார் கழுத்துல குறுக்க பதிக்கிற கம்பிங்க, அதோட அளவுதான் உயிரு, நட்டுலேர்ந்து (தலைப்பக்கம் தந்தியத் தாங்குற கட்டை) பிரிட்ஜ் (உடம்புப்பக்கம் தந்தியத் தாங்குற கட்டை) வரைக்கும் 25.5 இஞ்ச்னா 12வது ஃப்ரெட் சரியா பாதில, 12.75ல நிக்கணும், நான் மொத தடவ ஃப்ரெட் பதிக்கிற காடிய ஒரு மில்லிமீட்டர் தள்ளி அறுத்துட்டேன், சுருதி சேரவே இல்ல, ஃப்ரெட் பதிச்ச பலகைய, அந்த ஃபிங்கர்போர்டையே மாத்தவேண்டியதா போச்சு. இப்பேர்ப்பட்ட மரத்த வெறகுக்கு போடுறத பாத்தா வயிறு எரியுதுங்க. நம்மூரு ஆசாரிங்க, மரவாடிக்காரங்க கிட்ட பேசி இத பத்தி ஒரு பக்கம் போடுங்க.

– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்