மானியம் சரி, வயலுக்கு வருகிற ஆலோசகர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்வளம் காக்கும் விவசாயத்துக்கு நிதி, காலநிலைக்கு ஈடுகொடுக்கும் பயிர்ச்செய்கைக்கு நிதி என்று கொழும்பில் அடிக்கடி ஏதாவது அறிவிப்பு வருகிறது. பணம் எவ்வளவு, எத்தனை கமக்காரருக்கு, எந்த மாவட்டத்துக்கு என்று எல்லாம் சொல்கிறார்கள். வரம்பில் இறங்கி நின்று "இந்த மண்ணுக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லப்போவது யார், அவருடைய சம்பளமும் மோட்டார் சைக்கிள் பெற்றோலும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. இந்தப் பணத்தின் தலைவிதியே அந்த ஒரு ஆளில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாரும் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாற வேண்டும் என்று 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நவம்பரில் திரும்ப எடுத்தார்களே, அப்போது நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். எந்த வயலுக்கு எவ்வளவு, எப்போது, எதோடு சேர்த்துப் போடுவது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கப் போதிய ஆள் இருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. ஆள் குறைந்த கதை பழையது. கிராம மட்டத்தில் வேலை செய்த விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்களை 1980களின் இறுதியில் ஊர் நிர்வாகம் பார்க்கும் கிராம சேவகர்களாக மாற்றிவிட்டார்கள், அந்த இடம் அப்புறம் ஒழுங்காக நிரம்பவே இல்லை. இப்போது வயலுக்கு வந்து ஆலோசனை சொல்ல வேண்டிய அரசாங்க உத்தியோகத்தரான விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எத்தனையோ கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் வரும்வரை பயிர் காத்திருக்காது, ஆகவே கமக்காரர் பசளைக் கடைக்குப் போகிறார், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைப் போடுகிறார். விற்கிறவரே வைத்தியராகவும் இருந்தால் மருந்து குறையுமா?

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் என் மச்சானுக்கு ஒரு செம்மண் தோட்டம் இருக்கிறது, சின்ன வெங்காயம் வைப்பார். போன வருடம் ஒரு போதனாசிரியர் எப்படியோ நேரம் ஒதுக்கி வந்து, தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, வாளியில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்திப் பையில் கட்டிக்கொண்டு போனார். பொஸ்பரஸ் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது என்று முடிவு வந்தது. மச்சான் அந்தப் போகம் பொஸ்பரஸுக்காகப் போடும் ரி.எஸ்.பி. பசளை மூட்டை வாங்கவில்லை, வெங்காயமும் வழமைபோல்தான் விளைந்தது. அந்த மனுசன் வராமல் மானியப் பணம் மட்டும் கணக்குக்கு வந்திருந்தால் அது நேரே இன்னொரு மூட்டையாகத்தான் மாறியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இது வெறும் செலவுப் பிரச்சினை இல்லை. அங்கே வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான் குடிக்கவும் இறைக்கவும். வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருக்கிறது. தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியா நைத்திரேற்றாக மாறிக் கைக்குழந்தையின் பால்மாத் தண்ணீருக்குள் வந்து நிற்கிறது. கொழும்பில் இருக்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு, பேலியகொடைச் சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் வருகிற நுவரெலியாத் தோட்டங்களிலும் பொஸ்பரஸ் தேவைக்கு மேலே சேர்ந்து கிடக்கிறது.

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தோடு ஒரு வழி செய்தார்கள். மண், நீர் பாதுகாப்புக்கு அரசு விவசாயிக்குப் பணம் கொடுக்கும்போது, திட்டம் போட்டுக் கொடுக்கிற தகுதிபெற்ற வெளி ஆலோசகரின் கூலிக்கும் அந்தத் திட்டத்திலிருந்தே பணம் கொடுக்கலாம். அங்கே சான்றிதழ் பெற்ற பயிர் ஆலோசகர் என்றால் பரீட்சை எழுதித் தேற வேண்டும், அதன் பிறகும் இரண்டு வருடத்துக்கு 40 மணித்தியாலம் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் அவர்களில் பலர் பசளை, விதை விற்கிற இடங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தப் பகுதியை மட்டும் நாங்கள் அப்படியே எடுத்துவரக் கூடாது.

இங்கே நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா பசளை மானியம் போகிறது. அதைப் பிடுங்கச் சொல்லவில்லை, கமக்காரருக்கு அது வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்: மண் பரிசோதனைக்கும், எதையும் விற்காத ஆலோசகர் ஒருவர் ஒரு போகத்தில் இரண்டு தடவையாவது வயலுக்கு வந்துபோவதற்கும் தனிப் பணம். விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடி அலைகிற பிள்ளைகள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள், அவர்களைப் பயிற்றி இறக்கலாம். வெளிநாட்டு நிதியில் வருகிற திட்டங்களுக்கும் இதையே நிபந்தனையாகப் போடுங்கள். தமிழ்க் கிராமத்துக்குத் தமிழ் தெரிந்தவரை அனுப்ப வேண்டும் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதிவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது நடக்காது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்
கொழும்பு 06